சிறைத் தறியும் வீட்டு அடியும்: திருப்பூர் வட்டாரத்தில் மறுகுற்றத் தடுப்பு

மனைவியை அடித்துச் சிறை சென்றவர் திருந்தி வருகிறாரா என்று கேட்குமுன், அவர் எத்தனை நாள் உள்ளே இருக்கிறார் என்று கேட்க வேண்டும். கணவன் கொடுமைக்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு) மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இப்பிரிவில் எடுத்த எடுப்பில் கைது செய்வதைத் தடுத்தது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பல புகார்கள், 'இனி அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்குவதோடு முடிகின்றன. மீறி உள்ளே போகிறவரும் பெரும்பாலும் விசாரணைக் கைதியாகவே இருந்து ஜாமீனில் வந்துவிடுகிறார். தண்டனைக் கைதியை மனதில் வைத்து வகுத்த சீர்திருத்தப் பயிற்சி அவரை எட்டுவதே இல்லை.

எட்டினாலும் அங்கே கிடைப்பது என்ன? நம் சிறைகளில் சீர்திருத்தம் என்றால் முதலில் தொழிற்பயிற்சிதான். கோவை மத்தியச் சிறையில் நெசவு நடக்கிறது. பிழைக்க வழியின்றித் திருடியவருக்குத் தறி ஒரு வழி காட்டலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் எந்திரம் ஓட்டுகிறவருக்கோ தொழில் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தேசிய அளவு 29. தொழில் வளர்ந்த மாநிலத்தில் இந்த எண்ணிக்கை என்றால், கைத்தொழில் கற்றுக்கொடுப்பது இந்த நோய்க்கு மருந்தல்ல.

அடிக்கும் ஆண்களுக்கென்றே அமைந்த பயிற்சிகள் வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவின் டுலூத்தில் 1980களில் உருவான முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது. 2004இல் பாப்காக் குழுவினர் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கைதும் தண்டனையும் தந்த பலனுக்கு மேல் பயிற்சி கூட்டியது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். புளோரிடாவின் பிரவர்டு மாவட்டத்தில் சீட்டுக் குலுக்கியதுபோல் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனையில் 26 வாரப் பயிற்சி எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. வேலையும் நிலையான வீடும் உள்ளவர்கள் மட்டும் மறுபடி குறைவாகப் பிடிபட்டார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்த சோதனையிலும் கைது, வேலையில் இருந்தவரை அடக்கியது. வேலையற்றவரின் வன்முறையைக் கூட்டியது. இழக்க ஏதாவது இருப்பவரே அஞ்சுகிறார் என்பது இவற்றின் பொதுச் சாரம்.

இந்த முடிவை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவர முடியாது என்பதே என் வாதம். இங்கே வேலை உண்டு. வேலையை இழக்கும் அச்சம்தான் இல்லை. பீஸ் ரேட்டில் தைக்கும் டைலர் இந்த வாரம் ஒரு கம்பெனி, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாறுவது இயல்பு. ஆர்டர் நெருக்கும் நேரத்தில் கை வேகத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வாரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்பவர் அரிது. லைன் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் பெரியப்பாவும் மாமனும் கேட்டிருப்பார்கள். பிழைக்க வந்த இடத்தில் அந்தக் கேள்வியும் இல்லை. மனைவியும் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்து, சனிக்கிழமை தன் சம்பளக் கவரோடு வீடு திரும்புகிறாள். அந்தக் கவர் யார் கையில் போவது என்பதில் தொடங்குகிற சண்டைகள் உண்டு. அவள் சம்பாத்தியம் அவளைக் காப்பாற்றும் என்ற நம் நம்பிக்கையை இது உலுக்க வேண்டும்.

தானாக அமையாத அச்சத்தைச் சட்டம்தான் உண்டாக்க வேண்டும். அதற்கான கருவி 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 14ஆம் பிரிவின்படி வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதித்துறை நடுவர் கணவரை ஆலோசனைக்கு அனுப்பலாம். இரண்டு மாதத்துக்குள் அடுத்த வாய்தா. அந்த ஆலோசனையில், அடித்ததற்கு அவர் எந்த நியாயமும் சொல்ல இடமில்லை என்று 2006ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக வரையறுக்கின்றன. 'சேர்ந்து வாழுங்கள்' என்று இருவரையும் உட்காரவைத்துப் பேசும் சமரசம் இதற்கு நேர் எதிர். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். பாதுகாப்பு ஆணையை மீறினால் 31ஆம் பிரிவு ஓராண்டுவரை சிறை என்கிறது. ஆலோசனைக்கு வராதது அதே வாரம் நடுவரின் மேசைக்குப் போனால், ஆலோசனையும் சிறை அச்சமும் சேர்ந்து வேலை செய்யும். பாதுகாப்பு அலுவலருக்கு அதற்கான ஆள்பலம் வேண்டும்.

பலனை அளப்பதும் மாற வேண்டும். மறுகைது இல்லை என்பதற்கு, மனைவி மறுபடி ஸ்டேஷன் படியேறவில்லை என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அவளைத் தனியாக, அவள் ஷிப்ட் முடிந்த நேரத்தில், ஒரு பெண் அலுவலர் கேட்டு எழுதிய பதிவே திருப்பூரில் எந்தத் திட்டத்துக்கும் உரைகல்லாக வேண்டும்.