ஒலிப்பதிவுத் தொழிலும் உரிமையும்

செவியால் பெறும் செல்வத்தை வள்ளுவப் பெருந்தகை மிக உயர்வாகப் போற்றினார். அச்செல்வம் காற்றோடு கரைந்து போகாவண்ணம் காத்துத் தரும் தொழிலே ஒலிப்பதிவு. இன்று வீட்டின் ஓர் அறையையே பதிவுக் கூடமாக்கி, எந்நிறுவனத்தையும் சாராமல், தாமே ஒலிப்பதிவாளராகவும் இசைத் தயாரிப்பாளராகவும் வாழ முனையும் இளைஞர் பலர். மாதந்தோறும் சம்பளம் வாராத இதுவும் ஒரு தொழிலாகுமோ எனப் பெற்றோர் கலங்குதல் இயல்பே. நாம் வாழும் இப்புனே நகரும் நம் சென்னையும் இத்தொழிலின் வரலாற்றில் இடம்பெற்றவை. ஆதலின், அக்கலக்கத்திற்குரிய விடையை அவ்வரலாற்றிலேயே தேடுவோம்.

எடிசன் 1877-ஆம் ஆண்டில் பேசும் பொறியைக் கண்டார். 1902-இல் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் மின்சார மைக் இல்லை. பாடுவோர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று பாடுவர். அவ்வொலி ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்ய, அதனோடு பிணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். பத்து அங்குலத் தட்டில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். பாடுவோரை எத்துணை அண்மையில் நிறுத்துவது, எப்போது பின்னே விலகச் செய்வது என்பதறிந்த பதிவாளரின் செவியே அன்று முதற்கருவி. பதிவான தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவருக்குச் சென்று அச்சாகித் திரும்பின. 1908-இல்தான் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது.

1913-இல் இப்புனேயில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்னும் இசைப்பள்ளியை நிறுவியவர் அப்துல் கரீம் கான். தியாகராசரின் கிருதியையும் விரும்பிக் கற்று இசைத்தட்டில் பாடிய அப்பெரும்பாடகர், 1937-ஆம் ஆண்டில் தென்னாட்டுப் பயணத்தினிடையே நம் சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். உடல் மறைந்தும் குரல் மறையவில்லை. இசைத்தட்டு அதனைக் காத்தது. ஆயினும், அக்காலத் தட்டுகளின் நடுவே ஒட்டப்பட்ட வட்டத் தாளில் பாடகர் பெயரும் கம்பெனியின் பெயரும் விளங்குமேயன்றி, பதிவு செய்தவரின் பெயரைக் காண்பது அரிது.

பேசும் படம் வந்தபின் இத்தொழில் ஸ்டூடியோவினுள் புகுந்தது. கோலாப்பூரில் தோன்றிய பிரபாத் பிலிம் கம்பெனி 1933-இல் புனேக்குக் குடிபெயர்ந்தது. 1934-இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ என்னும் தமிழ்ப்படம் அக்கம்பெனியின் ஆக்கமே. பாபநாசம் சிவன் திரையுலகில் அடியெடுத்து வைத்ததும் அப்படத்தின் வாயிலாகவே. பிரபாத்தின் பங்காளிகளுள் ஒருவரான விஷ்ணுபந்த் தாம்லே ஒலிப்பதிவுப் பொறுப்பையும் ஏற்றவர். முதலீட்டில் பங்கும் ஒலிப்பதிவில் தேர்ச்சியும் அவரிடத்து ஒருங்கே அமைந்தன. ஏனைய பதிவாளரோ பெரும்பாலும் சம்பளத்திற்கு உழைத்தவரே. சென்னையில் இசைத்தட்டு வாணிகத்தில் தொடங்கிப் பின்னர்ப் பட முதலாளியாக உயர்ந்த ஏ. வி. மெய்யப்பனார், முதலிடுபவர்க்கே உரிமை சேரும் என்பதற்கு நல்ல சான்றாவார்.

பிரபாத் மறைந்தபின், அது இருந்த இடத்திலேயே 1960-இல் அரசின் திரைப்படக் கல்விக்கழகம் தோன்றியது. ஒலிக்கலை அங்கு முறையாகக் கற்பிக்கப்படலாயிற்று. அங்குப் பயின்ற ரசூல் பூக்குட்டி 2009-இல் ஆஸ்கார் விருது பெற்றார். இதனிடையே, 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டியே ஒரு பதிவுக் கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கு உருவாயிற்று. பெரிய ஸ்டூடியோவின் வாயிலில் காத்திராமல், தம் கூடத்திலேயே இரவு பகலாய் முயன்று பார்க்கும் உரிமை ஒரு கலைஞர்க்கு வாய்த்தது. அவர் இசைக்கு ஒலியழகு கூட்டிய எச். ஸ்ரீதர் நான்கு முறை தேசிய விருது பெற்றவர், 2008-இல் மறைந்தார். விருதுகள் பல பெற்றும், பாடல்களைப் போற்றுவோருள் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

பெயர் மட்டுமன்று, பொருளும் இதில் அடங்கியுள்ளது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் எனப்படுபவர் அதன் தயாரிப்பாளரே; அதாவது, அப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவர். வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிலைக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் வருவாய்ப் பங்கினை உறுதி செய்தது; பாடுவோர்க்கும் வழி செய்தது. கூலிக்குப் பதிவு செய்யும் ஒலிப்பதிவாளர்க்கோ அத்தகைய பங்கு எதனையும் அது தரவில்லை. கூலி பெற்றதோடு அவர் தொடர்பு முடிந்தது.

ஆகவே, பதிவு செய்வதும் தயாரிப்பதும் ஒருவரிடத்தே கூடும்போதுதான் உழைப்பும் உரிமையும் ஒன்றுகூடுகின்றன. நட்டம் வந்தால் அதனைச் சுமப்பவரும் அவரே என்பதை மறைத்தலாகாது. பெற்றோர் கலக்கத்தில் உண்மை உண்டு. எனினும், பிள்ளையைத் தடுப்பதினும் அவனுக்கோ அவளுக்கோ மூன்று வினாக்களைக் கற்பித்தல் நன்று: இப்பதிவுக்குப் பணம் இடுபவர் யார்? மூலப்பதிவு யாரிடம் இருக்கும்? யார் யார் பெயர் வெளியிடப்படும்? இவற்றுக்குரிய விடைகளை, முதற்பாட்டு ஒலிக்குமுன்னரே தாளில் எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும். நண்பர்க்குள் எழுத்து எதற்கு எனக் கூசுதல் வேண்டா. எழுத்தே நட்பைக் காக்கும்.

நம் காலனியிலும் தாலாட்டும் கும்மியும் மறவாத மூதாட்டியர் உளர். அவர்தம் இசைவு பெற்று அக்குரல்களைப் பதிவு செய்வதே நம் இளைஞர்க்கு முதற்பயிற்சி ஆகுக. அப்பதிவில் பாடியவர் பெயரோடு பதிவு செய்தவர் பெயரும் பொறிக்கப்படுமாயின், நூறாண்டுக் குறை ஒன்று நம் வீட்டு வாயிலிலேனும் நீங்கும்.