குதிரை ஒடிந்த துப்பாக்கி

சோழமண்டலக் கரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்த போர்களைப் பற்றி நம்மிடம் நூல்கள் பல உண்டு. எந்தப் படை எங்கே முகாமிட்டது, எந்தக் கோட்டை எப்போது வீழ்ந்தது என்பன அவற்றில் விரிவாகக் கிடைக்கும். படைவீரன் கையிலிருந்த துப்பாக்கி பழுதானால் அதைச் செப்பனிட்டவர் யார் என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. சிறியதாகத் தோன்றும் அவ்வினா, ஓர் அரசு தன் காலில் நின்றதா, பிறர் தோளில் சாய்ந்து நின்றதா என்பதைக் காட்டிவிடும். படூர், கோவளம், செங்கல்பட்டு ஆகிய ஊர்கள் அடங்கிய நிலப்பகுதியின் வரலாறே அதற்குச் சான்றாகும்.

முதலில் சொற்களைக் காண்போம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியிலிருந்து பாரசீக, உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். தீக்கல்லைக் குறிக்கும் சக்கிமுக்கி என்பதும் 'சக்மாக்' என்னும் துருக்கியச் சொல்லோடு உறவுடையது. கல்லைக் கவ்விப் பிடித்து முன்னே பாயும் உறுப்புக்கு மட்டும் தமிழர் தம் சொல்லையே சூட்டிக் 'குதிரை' என்றனர். பாய்வதால் பெற்ற பெயர் போலும்.

குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல் இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் உள்ளே மடங்கிக் கிடக்கும் எஃகு வில் விரிந்து குதிரையை முன்னே தள்ளும். கல் எஃகுத் தகட்டின்மேல் உரசித் தீப்பொறி உதிர்க்கும். அதே நொடியில் அத்தகடு பின்னே சாய, அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் இட்ட மருந்து வெளிப்பட்டுப் பற்றிக்கொள்ளும். அத்தீ பற்றுவாய் வழியே குழலுக்குள் சென்று பெருமருந்தை வெடிக்கச் செய்யும். இவை அனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் நிகழ வேண்டும். ஓர் உறுப்பு பிசகினாலும் துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான்.

பழுது மூன்று இடங்களில் மிகுதியாக நேர்ந்தது. முதலாவது வில். அது கடினமாக இருந்தால் ஒடியும்; மென்மையாக இருந்தால் மடங்கியபடியே கிடக்கும். புதிய வில் செய்ய விரும்பும் கொல்லர் எஃகைக் காய்ச்சி, மடித்து, நீளவாக்கில் அராவ வேண்டும். குறுக்கே விழும் ஒரு கீறல்கூடப் பின்னர் விரிசலாகும். பிறகு செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். இந்த இரண்டாம் சூட்டின் அளவில்தான் அவர் தேர்ச்சி தெரியும். இரண்டாவது எஃகுத் தகடு. கல் உரசி உரசி அதன் முகம் தேய்ந்தால் பொறி எழாது. அப்போது மெல்லிய எஃகு முகம் ஒன்றைப் புதிதாகப் பொருத்துவர். அல்லது எலும்புக்கரி, தோற்கரி ஆகியவற்றுக்குள் புதைத்து நெடுநேரம் சுட்டு இரும்பின் மேற்பரப்பை வன்மையாக்குவர். மூன்றாவது குதிரையின் கழுத்து. அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த அப்பகுதி எளிதில் ஒடிந்தது. ஆங்கிலப் படையினர் பயன்படுத்திய 'இந்தியா' வகைத் துப்பாக்கியில் 1809 முதல் வளையமிட்டு வலுவூட்டிய கழுத்து இடம்பெற்றதற்கு இக்குறையே காரணம்.

உதிரி உறுப்பு ஒன்றை வாங்கி மாட்டிவிடலாகாதா எனலாம். அக்காலத்தில் அது இயலாது. ஒவ்வோர் உறுப்பும் தன் பொறிக்கென்றே கையால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒரு துப்பாக்கியின் குதிரை மற்றொன்றில் பொருந்தாது. உறுப்புகளை ஒரே அளவில் வார்த்தெடுத்தாற்போலச் செய்யும் முயற்சியில் பிரான்சின் ஒனோரே பிளாங் ஈடுபட்டிருந்தார். 1785இல் தாமஸ் ஜெபர்சன் பாரிசில் அவரது பட்டறைக்குச் சென்று, கலைத்து வைத்த உறுப்புகளைத் தம் கையாலேயே பொருத்திப் பார்த்து வியந்தார். அம்முறை பரவும்வரை துப்பாக்கியின் ஆயுள், பழுது நேர்ந்த இடத்துக்கு அருகே தேர்ந்த கொல்லர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்ததே.

இனிச் செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம். 1752இல் இராபர்ட் கிளைவ் சுமார் 500 சிப்பாய்களும் 200 புதிய ஐரோப்பியப் படைஞர்களும் கொண்ட சிறு படையுடன் வந்து, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையையும் பின்னர் செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினார். இப்போரால் பயனடைந்தவர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா. பயனுக்கு விலையும் இருந்தது. 1763இல் சென்னையைச் சூழ்ந்த இந்நிலப்பகுதி கம்பெனிக்கு ஜாகீராக வழங்கப்பட்டது. படூரின் வயலும் கோவளத்தின் கடற்கரையும் போர்ச்செலவுக்கு ஈடாகக் கைமாறின.

நவாபின் நாட்டில் கொல்லர் இல்லாமலில்லை. இந்த ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய கிராமக் கணக்கெடுப்பைப் பார்த்தால், ஊர்க் கொல்லருக்கும் தச்சருக்கும் விளைச்சலில் உரிய பங்கு ஒதுக்கப்பட்டிருந்தமை தெரியவருகிறது. தென்னாட்டு உருக்கின் புகழும் பழையது. 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஆய்வுரை படிக்கப்பட்டது. ஊர்க் கொல்லர் கலப்பையையும் திரியால் தீயிடும் பழைய துப்பாக்கியின் எளிய நெம்பையும் செப்பனிட வல்லவர். சக்கிமுக்கிப் பொறியின் வில்லைப் பதப்படுத்தும் திறமோ நாள்தோறும் அதே வேலையைச் செய்தால்தான் கைவரும். அதற்குப் பட்டறை வேண்டும். பட்டறையைப் பேண அரசு வேண்டும். கம்பெனி தன் துப்பாக்கிகளை இங்கிலாந்திலிருந்து தருவித்தது. போரையே கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட நவாப் அத்தகைய பட்டறைகளை வளர்க்க முனையவில்லை. இறுதியில் 1801இல் கருநாடகத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்குச் சென்றது.

மைசூர் வேறு வழியில் நடந்தது. ஹைதர் அலீ பிரெஞ்சுக் கைவினைஞரைப் பணியில் அமர்த்தினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் முறியடிக்கப்பட்டது. காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்ரோ தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். கிளைவ் வென்ற மண்ணிலேயே கம்பெனி தலைகுனிந்தது.

திப்பு சுல்தான் ஒருபடி மேலே சென்றார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகர் ஆகிய இடங்களில் 'தாராமண்டலம்' எனப்பட்ட தொழிற்கூடங்கள் இயங்கின. அங்கே செய்த துப்பாக்கிகளில் குதிரை புலிவடிவம் பெற்றது. செய்த ஊரும் ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டன. அந்த ஆண்டு, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து கணக்கிடப்பட்ட மவ்லூதி ஆண்டு. இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்த தூதுக்குழுவிடம் சுல்தான் ஒப்படைத்திருந்த பணிகளில், துப்பாக்கி செய்வோரையும் பிற கைவினைஞரையும் அழைத்து வருவதும் ஒன்று. ஆயுதத்தை வாங்குவதோடு நில்லாமல் அதைச் செய்யும் அறிவையும் நாட்டில் வேரூன்றச் செய்ய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வெளிநாட்டுத் துப்பாக்கிகளை மைசூர் அறவே விட்டுவிடவில்லை என்பதும் உண்மையே. வாங்கியவை பழுதாகும்போது கைபிசைந்து நிற்கும் நிலை அதற்கு இல்லை.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. தாராமண்டலங்கள் அவியலாயின. 1801 டிசம்பரில் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் செய்வதையும் விற்பதையும் உரிமத்துக்குள் அடக்கியது; 1959ஆம் ஆண்டின் சட்டம் செப்பனிடுவதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு இத்தகைய கட்டுப்பாடு தேவையே. எனினும் குடியேற்ற ஆட்சி விதித்த தடைகளால் ஆயுதத்தோடு ஒரு கைத்தொழிலின் அறிவும் மறைந்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அக்காலத் துப்பாக்கிகளை இன்றும் காணலாம். இத்தகைய பழம்பொருளில் ஒடிந்த வில்லை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது முறையன்று. பழைய உறுப்பைத் துருவேறாமல் காத்து, துப்பாக்கியோடு சேர்த்தே வைக்க வேண்டும். புதியது சேர்த்தால் அது புதியது என்பதற்கு அடையாளமிட வேண்டும். காரணம் எளிது. தேய்ந்த தகட்டின்மேல் ஒட்டிய எஃகு முகமும், மற்றவற்றோடு ஒவ்வாத ஒரு திருகும், பொறியின் உட்புறத்து அரத்தின் தடமும் அந்நாளைய கொல்லர் விட்டுச்சென்ற கையெழுத்துகள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தடத்தையும் நாம் அராவிவிட்டால் அவர்கள் இருந்ததற்கு வேறு சான்று எஞ்சாது.