ஆட்டிசக் குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பீடு

ஆட்டிசம் உள்ள இளங்குழந்தையின் பேச்சு, பழகும் விதம், அன்றாடச் செயல்கள் எவ்வளவு முன்னேறியுள்ளன என்று அவ்வப்போது அளந்து பார்ப்பது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. குழந்தையைக் கவனிப்பதும் பெற்றோரிடம் கேட்பதுமே வழி.

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. (இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்) என்பதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு உதவும் இந்த எண், மாதந்தோறும் வரும் சிறு மாற்றங்களைப் பிடிப்பதில்லை. பெயர் சொன்னதும் திரும்புகிறதா, பிஸ்கட் வேண்டுமென்றால் அம்மாவின் கையை இழுக்காமல் விரலால் சுட்டுகிறதா என்று வீட்டிலேயே குறித்துவைப்பது அதைவிடப் பயன் தரும்.

எந்த மொழியில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் திருத்தணி 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்; தெலுங்கு பேசும் வீடுகள் அங்கே உண்டு. அவ்வீட்டுப் பிள்ளையிடம் தமிழில் மட்டும் “தண்ணி எங்கே?” என்று கேட்டு, பதிலில்லை என எழுதிவிட்டால் மதிப்பீடே பிழை. தெலுங்கில் ‘நீள்ளு’ என்று அது சொன்னாலும் ஒரு சொல் வந்துவிட்டது என்றே கணக்கு. இருமொழிச் சூழல் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. எனவே வீட்டுமொழியை நிறுத்தவும் வேண்டியதில்லை.