சீமைக் கருவேலம்

சீமைக் கருவேலம் (வேலிக்காத்தான்): அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அயல் முள்மரம். அறிவியல் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. தாயகம் மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி. விறகுத் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

பரவல்: இனிப்பான நெற்றுகளை ஆடுமாடுகள் தின்னும்; செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். புறநகர்களில் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள், ஏரியின் உள்வாய், வரத்துக் கால்வாய், ரயில் பாதையோரம் ஆகியவை இது அடர்ந்து வளரும் இடங்கள். கால்வாய்க்குள் புதராக மண்டினால் மழைநீர் தடைபடும்.

அகற்றல்: வெட்டினால் மட்டும் அழியாது, அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். எனவே பொக்லைன் கொண்டு வேரோடு பிடுங்குவர். மண்ணில் தங்கிய விதைகள் மழைக்குப் பின் முளைக்கும். அக்கன்றுகளை ஆணிவேர் ஆழம் போகுமுன் கையாலேயே பிடுங்கிவிடலாம். வெறுமையாக விட்ட நிலத்தில் மரம் திரும்பவும் பரவும் என்பதால் புங்கன், நாவல், பூவரசு போன்றவற்றை உடனே நடுவது நல்லது.

பயனும் கொள்கையும்: இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் விறகும் கரிமூட்டத் தொழிலும் இம்மரத்தை நம்பியுள்ளன. இதை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது.