புலிப்பொறி முதல் பெட்டக முத்திரை வரை

பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையை அடுத்த பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. தமிழகத்தினின்று சென்று அங்கே உழைப்போரும் உளர். ஆடைகளை ஏற்றிய சரக்குப் பெட்டகத்தின் கதவு அடைக்கப்படுவது சிறு செயலே. ஆயினும் அதன் வரலாறு நெடியது.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில், கடலினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று கடலுக்கும் செல்லும் பண்டங்களின்மீது சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அப்பொறி மூட்டைக்கு வலிமை சேர்க்கவில்லை. அரசின் சான்றாக நின்று நம்பிக்கையைச் சேர்த்தது.

அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மூட்டைகள் ஒவ்வொன்றாகவே கப்பலேறின, பல கைகள் மாறின, களவும் மிகுந்தது. 1956 ஏப்ரல் 26இல் அமெரிக்கரான மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி அனுப்பினார். அடைத்த பெட்டகம் வழியில் திறக்கப்படாமலே லாரியும் ரயிலும் கப்பலும் மாறும் முறை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. 1973இல் அது கொச்சிக்கு வந்தது; 1981இல் கடலற்ற பெங்களூரிலேயே உள்நாட்டுப் பெட்டக நிலையம் தோன்றியது.

வழியில் எவரும் திறவாத பெட்டகத்துக்குக் கதவே காவல். இடக் கதவை முதலில் அடைத்து, அதன் விளிம்பின்மேல் படியுமாறு வலக் கதவை அடைப்பர். நெடுந்தண்டுகளின் முனைகள் மேலும் கீழும் உள்ள பிடிப்புகளில் பொருந்தியபின், கைப்பிடியின் துளையில் முத்திரையாணியைச் செருகி அழுத்துவர்; இழுத்தும் முறுக்கியும் சோதிப்பர். பின்னர் அதனை வெட்டியன்றி எடுத்தல் இயலாது. அதன் எண் சரக்கு ஆவணத்தில் பதிவாகும். சேருமிடத்தில் அவ்வெண் மாறியிருப்பின் ஐயம் பிறக்கும். ஆணியைத் தொடாமலே கீலையோ கைப்பிடித் தறையாணியையோ கழற்றும் திருடரும் உண்டாதலால், அவற்றையும் நோக்குதல் வேண்டும்.

முன்னர் அரசு அதிகாரியின் மேற்பார்வையில் தொழிற்சாலையில் முத்திரையிடும் வழக்கம் இருந்தது. 2017 முதல், வானொலி அலையால் அறியப்படும் மின்முத்திரையை ஏற்றுமதியாளரே இடும் முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அன்று அரசன் பொறித்ததை இன்று அனுப்புவோரே பொறிக்கின்றனர். உரிமையோடு பொறுப்பும் அவர்பால் வந்துள்ளது.

பூட்டு கள்வனைத் தடுக்கும். முத்திரையோ கள்வன் வந்து சென்றதைக் காட்டும். காணாத நாட்டில் உள்ளவர் நம் உழைப்பின் பயனை ஐயமின்றிப் பெறுவது அச்சிறு ஆணியின் சான்றால் அன்றோ? அதனைச் செவ்வனே இடும் கையும் வாணிகத்தின் மானத்தைக் காக்கும் கையே என்பதை நாம் மறத்தலாகாது.