ஒரு டிரவுசருக்காகப் போன அரசு வேலை

வெள்ளை கோட் போடாம வார்டு ரவுண்ட்ஸ் போனதுக்கு எனக்கு ஒருமுறை மெமோ வந்திருக்கு. மே மாசம், ஃபேனும் ஓடலை. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அதோட முடிஞ்சது. ஆனா உடைக்காக ஒருத்தரை வேலையை விட்டே தூக்கி, அதனால உலக பாலே வரலாறே திசை மாறின கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1911 தொடக்கம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மரின்ஸ்கி தியேட்டர். அன்னைக்கு 'ஜிஸெல்' பாலே. நாயகி தமாரா கர்சாவினா. நாயகன் வாட்ஸ்லாவ் நிஜின்ஸ்கி, இருபதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வயசு. பார்வையாளர்களில் ஜார் மன்னரின் தாயார் மரியா ஃபியோதரோவ்னாவும் இருந்தார்.

இந்த நடனக்காரர்கள் எல்லாம் அரசு ஊழியர்கள்னு நினைவில் வச்சுக்கோங்க. சின்ன வயசுலேயே அரசுப் பள்ளியில் சேர்த்து, சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து வளர்ப்பாங்க. மேடையில் சம்பளம், 20 வருஷ சர்வீஸ் முடிச்சா பென்ஷன். நம்ம ஊர் அரசு வேலை மாதிரியேதான், விதிகளும் சேர்த்து. அதில் ஒரு வழக்கம்: ஆண்கள் காலோடு ஒட்டின டைட்ஸ் மேல, இடுப்பை மறைக்கிற குட்டை டிரவுசர் ஒண்ணு போட்டே ஆகணும்.

நிஜின்ஸ்கி அன்னைக்கு அதைப் போடலை. அதற்கு முந்தின வருஷம் பாரீஸில் இதே பாலேக்காக ஓவியர் அலெக்ஸாந்தர் பென்வா வரைந்த உடையில் மேடையேறினார். டைட்ஸ், அதன் மேல குட்டையான மேல்சட்டை, அவ்வளவுதான்.

டாக்டரா ஒரு சின்ன இடைச்செருகல். மனுஷன் எம்பிக் குதிக்கிற விசையில் பெரும் பங்கு தொடையிலிருந்தும் பிட்டத்தின் குளூட்டியஸ் தசையிலிருந்தும் வருது. தாவலுக்கே பேர் போன ஒரு ஆளுக்கு அந்த இடத்தில் உப்பலா ஒரு டிரவுசரை மாட்டுறது, பாடகர் வாயில் துணி கட்டுற மாதிரி. பென்வாவுக்கு உடம்பின் கோடு தெரியணும். அதிகாரிகளுக்கு அது தெரியக் கூடாது.

மறுநாளே டிஸ்மிஸ்.

யார் புகார் கொடுத்தாங்கன்னு இன்னும் சண்டை ஓயலை. மன்னரின் தாயார்னு ஒரு கட்சி, அவர் அப்படிச் சொல்லவே இல்லைன்னு இன்னொரு கட்சி. இதையெல்லாம் தூண்டிவிட்டதே செர்கேய் டியாகிலெவ்தான்னும் பேச்சு உண்டு. டியாகிலெவ் யாருன்னா, இதே அரசு தியேட்டரிலிருந்து 1901இல் வேலை போனவர். பிறகு ரஷ்ய பாலேயைப் பாரீஸுக்குக் கொண்டுபோனவர். அதுவரை அவர் கம்பெனி, அரசு நடனக்காரர்கள் லீவில் வந்து ஆடிட்டுப் போற சீசன் கூட்டம். நிஜின்ஸ்கிக்கு வேலை போனதும் அது வருஷம் முழுக்க ஆடுற நிரந்தரக் குழுவா மாறுச்சு. அதுதான் 'பாலே ரூஸ்'.

அங்கே உடை வேற ரகம். 1911 ஏப்ரலில் 'ரோஜாவின் ஆவி'. லியோன் பாக்ஸ்ட் வடிவமைச்ச, உடம்போடு ஒட்டின உடை முழுக்கப் பட்டு ரோஜா இதழ்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி அதை அவர் உடம்பின் மேலேயே வச்சுத் தைப்பாங்களாம். உதிர்ந்த இதழ்களை டியாகிலெவின் வேலைக்காரர் ரசிகைகளுக்கு வித்தே வீடு கட்டினார்னு ஒரு கதை. நான் நம்பலை, ஆனா பிடிச்சிருக்கு.

1913 மே 29, பாரீஸ், 'வசந்தத்தின் சடங்கு'. இந்த முறை நடன அமைப்பு நிஜின்ஸ்கி, உடை நிக்கோலாய் ரோரிக். கழுத்திலிருந்து கால் வரை மூடின கனமான கம்பளி அங்கிகள், ஆடறவங்க வேர்த்துக் கொட்டினாங்க. பாதத்தை உள்பக்கம் திருப்பி, குனிஞ்சு, தரையை மிதிச்சு ஆடுற ஆட்டம். அரங்கில் கூச்சல், ரகளை. துணி குறைஞ்சதுக்கு அங்கே வேலை போச்சு, உடம்பு முழுக்க மூடினதுக்கு அப்புறமும் இங்கே கூச்சல்தான்.

அதே வருஷம் செப்டம்பரில் ரொமோலாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். டியாகிலெவும் அவரை டிஸ்மிஸ் பண்ணினார்.

1919 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டலில் பார்வையாளர் முன் கடைசியா ஆடினார். அதே வருஷம் சூரிக்கில் அவரைப் பரிசோதிச்சவர் ஆய்கன் பிளாய்லர், 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற சொல்லையே உருவாக்கினவர். வேலை போனதால்தான் இந்த நோய் வந்துச்சுன்னு தயவுசெய்து முடிச்சுப் போடாதீங்க. அவருடைய அண்ணனும் மனநல விடுதியில் வாழ்ந்தவர். மரபணு, மூளையின் வேதியியல்னு பல காரணங்கள் சேர்ந்து வர்ற நோய் இது. அன்னைக்கு அதுக்கு மருந்தே இல்லை. குளோர்புரோமசின் வந்தது 1950களில். நிஜின்ஸ்கி இறந்தது 1950 ஏப்ரலில், லண்டனில். ரஷ்ய மேடையில் மறுபடி ஆடவே இல்லை.

இடைப்பட்ட முப்பது வருஷமும் பெரும்பாலும் விடுதிகளில்தான். இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சைகூடக் கொடுத்தாங்க. 1939இல் ஒரு சுவிஸ் மருத்துவமனையில் அவரைப் பார்க்க நடனக் கலைஞர் செர்ழ் லிஃபார் வந்து, எதிரே ஆடிக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்த நிஜின்ஸ்கி திடீர்னு எம்பினார். அந்த நொடியின் போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க. ஐம்பது வயசு ஆள், நாம கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி கோட்டும் பேன்ட்டும். ரெண்டு காலும் தரையில் இல்லை.