ஒரே பெயர், இரு வழிகள்: தன்னெதிர்ப்புக் கொப்புள நோய்களில் எதிர்ப்பொருளின் பங்கு

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் பெரும்பாலும் வாய்ப்புண்ணாகவே தொடங்கும். சோறு விழுங்கவும் முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்ட பிறகு உடம்பில் தளர்ந்த கொப்புளங்கள் எழுந்து, எளிதில் உடைந்து தோல் உரியும். முதியவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டிலோ கடும் அரிப்பு, சிவப்பு, சுலபத்தில் உடையாத விறைத்த கொப்புளங்கள். 1953-இல் வால்டர் லீவர் இவற்றைத் தனித்தனி நோய்களாகப் பிரித்தார். இன்று இரண்டும் தன்னெதிர்ப்பு நோய்கள் என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. தலைப்பு ஒன்றானாலும் எதிர்ப்பொருள் தோலைக் குலைக்கும் வழி இரண்டிலும் வேறு. சிகிச்சை அந்த வேறுபாட்டைச் சார்ந்தே அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பவை டெஸ்மோசோம்கள். அவற்றிலுள்ள டெஸ்மோகிளீன் 1, 3 ஆகிய புரதங்களே பெம்ஃபிகஸின் இலக்குகள். நோயாளிகளின் இரத்தத்தில் மேல்தோல் செல்களுக்கு இடையே படியும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1964-இல் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினர். அவை நோயின் காரணமா, விளைவா? 1982-இல் ஆன்ஹால்ட் குழுவினர் நோயாளிகளின் ஐஜிஜி எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினர். குஞ்சுகளின் தோலில் கொப்புளம் வந்தது. காரணம்தான் என்பது உறுதியாயிற்று. அழற்சியைத் தூண்டும் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களை அழைக்கும் பகுதியை நீக்கிய எதிர்ப்பொருள் துண்டுகளும் அதே விளைவைத் தந்தன. பிணைப்புப் புரதத்தின் மீது போய் ஒட்டுவதே செல்களைப் பிரிக்கப் போதும்.

கொப்புளம் எங்கே வரும் என்பதை இலக்கின் இருப்பிடம் தீர்மானிக்கிறது. வாயின் சளிச்சவ்வு டெஸ்மோகிளீன் 3-ஐயே பெரிதும் நம்பியிருக்கிறது. தோலின் மேலடுக்குகளில் 1 மிகுதி. ஆகவே 3-க்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் வாய் புண்ணாகும், இரண்டுக்கும் எதிராக இருந்தால் தோலும் சேர்ந்து பாதிக்கப்படும். 1-க்கு எதிராக மட்டும் இருக்கும் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸில் வாய் தப்பிவிடுகிறது. இந்நோயுள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்றாலும் குழந்தைக்குக் கொப்புளம் வருவது அரிது. சிசுவின் மேல்தோலில் டெஸ்மோகிளீன் 3 மேலடுக்குவரை பரவியிருந்து இழப்பை ஈடுகட்டுவதே காரணம்.

இன்னொரு சான்று தன்னெதிர்ப்புக்கே வெளியிலிருந்து வருகிறது. குழந்தைகளுக்கு வரும் கொப்புள இம்பெடிகோவில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு டெஸ்மோகிளீன் 1-ஐ வெட்டுகிறது. ஃபோலியேசியஸில் பிளவுபடும் அதே மேலடுக்கு இங்கும் பிளவுபடுகிறது. ஆனால் ஒரு டெஸ்மோகிளீனின் இழப்பை மற்றொன்று ஈடுகட்டும் என்ற விதி மட்டுமே முழு விளக்கமாகாது. எதிர்ப்பொருள் ஒட்டியதும் செல்லுக்குள் பி38 போன்ற சமிக்ஞைப் பாதைகள் தூண்டப்படுவதும் பிரிவுக்குத் துணைபோகிறது.

பெம்ஃபிகாய்டின் இலக்கு, அடிச்செல்களை அடிச்சவ்வோடு இணைக்கும் பிபி180 புரதம். இங்கே எதிர்ப்பொருள் தன் வேலையில் பெரும்பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கிறது. காம்ப்ளிமென்ட் தூண்டப்பட்டு நியூட்ரோஃபில், ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவை வெளியிடும் நொதிகள் இணைப்பை அரிக்கின்றன. சி5 என்னும் காம்ப்ளிமென்ட் புரதம் இல்லாத எலிகளுக்கு எதிர்ப்பொருளைச் செலுத்தியும் கொப்புளம் வரவில்லை. பெம்ஃபிகஸ் சோதனைகளின் முடிவுக்கு இது நேர்மாறு.

சிகிச்சையும் இதை உறுதிப்படுத்துகிறது. பெம்ஃபிகாய்டில் அழற்சியை அடக்கினாலே பெரும்பயன். பரவலான நோயிலும் குளோபெட்டசால் களிம்பு ஸ்டீராய்டு மாத்திரையைவிட மேலானது என 2002-இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது. பெம்ஃபிகஸில் எதிர்ப்பொருளின் ஊற்றையே அடைக்க வேண்டும். எதிர்ப்பொருள் உற்பத்திக்கு மூலமான பி-செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப்பைக் குறுகிய கால ஸ்டீராய்டோடு தந்தபோது இரண்டாண்டு முடிவில் 89 சதவீதத்தினர் மருந்தின்றி முழு நிவாரணத்தில் இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதத்தினரே அந்நிலையில் இருந்தனர் என்கிறது 2017-இல் வெளிவந்த ஆய்வு. பெம்ஃபிகாய்டில் நோயாளி ஏற்கெனவே உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும்: நம் ஊர்களில் சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின்கள் அதைத் தூண்டக்கூடும்.

எனவே கொப்புளத்தைக் கண்டதும் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொள்வது போதாது. எதிர்ப்பொருள் செல்களுக்கு இடையே படிந்துள்ளதா, அடிச்சவ்வில் படிந்துள்ளதா என்பதை நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை காட்டிவிடும். அதற்குக் கொப்புளத்தை ஒட்டிய தோலிலிருந்து தனி மாதிரி எடுக்க வேண்டும். ஃபார்மலினில் இட்ட மாதிரி இச்சோதனைக்கு உதவாது.